துடியான கடப்பாரை

பாலவனத்தத்தில் வெளியே கட்டில் போட்டுப் படுப்பதற்குக்கூட ஒரு முறை உண்டு என்று தெருவுக்கே பாடம் எடுத்தவர் ராஜகுரு. படுக்கும் முன் கயிற்றுக் கட்டிலைக் கவிழ்த்துத் தரையில் தட்டுவார். பூரான் இருந்தால் விழுந்துவிடுமாம். கட்டில் கால்களில் மண்ணெண்ணெய் நனைத்த துணியைச் சுற்றுவார், தேள் ஏறாதாம். வேப்பமரத்துக்கு நேர் கீழே போடமாட்டார்; காற்றில் கிளை முறியுமாம். தலைமாட்டில் டார்ச் லைட், காலடியில் ரப்பர் செருப்பு. மேற்கே மின்னல் வெட்டினால் தெருவில் நிற்கிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வீட்டுக்குள் விரட்டுவார்.

இவ்வளவு ஜாக்கிரதையான மனிதர், படுத்தபடி கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஒரு கடப்பாரையை நட்டு, அதில் கரண்டு வயரைக் கட்டிவிட்டு, பக்கத்தில் குறட்டை விட்டுத் தூங்கினார். பூரானுக்குப் பயந்தவருக்குக் கடப்பாரையிடம் பயமில்லை. கடப்பாரைக்குக் கொடுக்கு இல்லை அல்லவா.

அவர் மனைவி கஸ்தூரிக்கு அந்தக் கடப்பாரை வந்த நாளிலிருந்தே அதைக் கண்டால் ஆகாது.

அது வந்தது வோல்டேஜ் பஞ்சத்தால். ராஜகுருவுக்கு அருப்புக்கோட்டையில் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்கிற கடை. அந்தி பஸ்ஸில் வந்து இறங்கி, குளித்து, வாசலில் கட்டிலைப் போட்டுச் சாய்ந்தால்தான் அவருக்குப் பகல் முடியும். ஆனால் அவர் சாய்கிற நேரத்தில் வோல்டேஜும் சாய்ந்துவிடும். டவுனில் தறியெல்லாம் ஓடுகிற நேரம். பல்பு கோவைப்பழம்போலச் சிவந்து தொங்கும். டேபிள் ஃபேன் சுற்றும்போதே அதன் இறக்கைகளைத் தனித்தனியாகப் பார்க்கலாம்.

தறிக்கூடங்களில் வயரிங் பார்க்கிற காளிராஜ் என்பவன் கடைக்குப் புண்ணாக்கு வாங்க வந்தவன். அவனிடம் ராஜகுரு புலம்ப, அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டான்.

“நியூட்டல், அதான் கரண்டு திரும்பிப் போற வயரு, வீக்கா இருக்கு அண்ணாச்சி. கம்பத்து நியூட்டலை நம்பிக் கெடந்தா காத்து வராது. ஒரு வயரு வீட்டுல இருந்து வரட்டும். இன்னொரு வயரைப் பூமியில போட்டுருவோம். பூமாதேவியவிடப் பெரிய நியூட்டல் எங்க இருக்கு?”

வீட்டுக் கடப்பாரையை வாசலில் அடித்து இறக்கினார்கள். ஃபேனின் ஒரு வயர் ப்ளக்குக்குப் போனது, மற்றது கடப்பாரையில் முடிந்தது. காளிராஜ் ஒரு குடம் தண்ணீரை அதன் காலில் ஊற்றச் சொன்னான். ஊற்றியதும் ஃபேன் உறுமிக்கொண்டு சுற்றியது. அதே வாசலுக்கு எதிர் வீட்டில் குடியிருந்த ராஜகுருவின் தம்பி ஆண்டிச்சாமி ஓடிப்போய்த் தன் ஃபேனையும் தூக்கி வந்தான். அவன் வயரும் அதே கடப்பாரையில் ஏறியது.

“பூமிக்குள்ள போற கரண்டு அங்கனயே இருந்துக்கிருமா?” என்று கேட்டாள் கஸ்தூரி.

காளிராஜ் சிரித்தான். “மதினி எட்டாப்பு வரைக்கும் படிச்சவுகள்ல. அதான் கேள்வி வருது.”

“படிச்சு என்ன? எர்த்துன்னா என்னன்னு தெரியலையே” என்றார் ராஜகுரு. “தறிக்கூடத்துல எர்த்து இல்லாட்டித்தான் ஆபத்து. எர்த்து போட்ட எடத்துல ஆள் சாக மாட்டான். நம்ம வீட்டுலதான் போட்டாச்சுல்ல.”

அந்த ஒரு சொல்தான் அவரைக் கெடுத்தது. தறிக்கூடத்தில் எர்த்து என்பது ஆளைக் காப்பாற்றப் போடுவது. இங்கே போட்டது காற்று வாங்க. இரண்டுக்கும் பெயர் ஒன்று என்பதால் குணமும் ஒன்று என்று முடிவு கட்டிவிட்டார். மிளகாய்ப்பொடி என்று பெயர் எழுதிவிட்டால் செங்கல்பொடி உறைக்கும் என்று நம்புகிற ஆள் இல்லை அவர். கடையில் எடையில் ஒரு மயிரிழை ஏமாறமாட்டார். வாசலில் ஏமாந்தார்.

வயர் காலில் தட்டி யாராவது விழுந்துவிடக் கூடாதே என்று இரண்டு வீட்டு வயரையும் மண்ணுக்குள் புதைத்து மூடினார். அதுவும் ஜாக்கிரதை.

அன்றிலிருந்து கடப்பாரைக்குத் தினம் ஒரு குடம் தண்ணீர். அடிகுழாயில் வரிசையில் நின்று, இடுப்பு ஒடியக் கஸ்தூரி கொண்டுவருகிற தண்ணீர். கருவேலமரம்கூட வாடுகிற பூமியில் ஒரு இரும்புக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தது அந்த ஒரு வீடுதான்.

“செடி நட்டிருந்தா இந்நேரம் காயாவது காச்சிருக்கும்” என்றாள் கஸ்தூரி.

“இது காத்துக் காய்க்குதுல்ல” என்றார் அவர்.

அவர்கள் மகள் பிருந்தா அப்போதுதான் ஒன்றாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளைக் கடப்பாரைப் பக்கம் விடாமல் காவல் காப்பதே கஸ்தூரிக்கு அந்தி வேலையானது. “செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் செய்யாதுடி” என்பார் ராஜகுரு. வாசலில் விளையாடுகிற பிள்ளை எது செருப்பு போட்டு விளையாடியது?

அடுத்த சித்திரையில் அடிகுழாய் கெட்டுப்போனது. குடிக்கிற தண்ணீரையே தோட்டத்துக் கிணற்றிலிருந்து சுமந்தார்கள். கடப்பாரைக்கு யார் ஊற்றுவது? மண் காய்ந்து வெடித்தது. ஃபேன் சோர்ந்தது.

அன்று பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவர் வாசல் மூலையில் துவைக்கிற கல்லருகே அரைவாளித் தண்ணீரில் குளித்தார். செருப்பைத் தள்ளிக் கழற்றி வைத்திருந்தார், நனைந்தால் வழுக்குமாம். ஈரத்துண்டோடு வந்தவர் ஃபேனைப் பார்த்தார். வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைக் கடப்பாரையின் காலில் ஊற்றினார். போதாதென்று, மண்ணில் இன்னும் இறங்கட்டும் என்று அதை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினார். ஃபேனை நிறுத்தத் தோன்றவில்லை. எர்த்துதானே.

கஸ்தூரி உள்ளே குழம்பைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அலறல் எதுவும் கேட்கவில்லை. எதிர் வீட்டில் இன்னும் ஃபேன் போடாத நேரம்; இவர் ஃபேன் வேகமெடுக்கிற சத்தம்தான் கேட்டது. இன்றைக்கு முணுமுணுக்காமல் தூங்குவார் என்று நினைத்தாள். பிறகு என்னவோ சரியில்லை என்று பட்டு வெளியே எட்டிப் பார்த்தபோது, அவர் நாற்று நடுகிறவர்போலக் குனிந்து கடப்பாரையைப் பிடித்தபடி நின்றிருந்தார். கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. அவள் ஓடியது அவரிடம் அல்ல, சுவிட்சுக்கு. அதை அணைத்ததும் அவர் விழுந்தார். அருப்புக்கோட்டை போகும் வழியிலேயே காரில் எல்லாம் முடிந்துவிட்டது. காற்றுக்காக அவர் பிடித்த பிடிவாதம் அதோடு முடிந்தது.

பாடை கட்டும்போதே ஆண்டிச்சாமி அவள் காதருகே வந்தான். “மதினி, கரண்டுன்னு யாருகிட்டயும் சொல்ல வேணாம். கரண்டு ஆபீஸ்காரவுக வந்தா ரெண்டு வீட்டு லைனையும் வெட்டிருவாக. நெஞ்சு வலின்னு சொல்லியாச்சு.”

அழுதுகொண்டிருந்தவளிடம் அவன் கேட்கவில்லை, தகவல் சொன்னான். அண்ணன் பிணம் வாசலில் கிடக்கும்போது அவனுக்குக் கவலை லைனைப் பற்றி.

காரியம் முடிந்த கையோடு கஸ்தூரி தன் வீட்டு வயரைக் கத்தரித்துத் தூரப் போட்டாள். கடப்பாரையையும் பிடுங்கச் சொன்னாள். “பிடுங்கிருவோம் மதினி” என்றான் ஆண்டிச்சாமி. அடிகுழாயைச் சரிசெய்துவிட்டார்கள். புழுக்கமும் குறையவில்லை. அவன் பிடுங்கவில்லை. தன் ஃபேனைப் போட்டுவிட்டான். கடப்பாரையின் காலில் ஒரு குடம் தண்ணீரும் ஊற்றிவிட்டான்.

மறுநாள் அந்தியில் அவன் மனைவி முத்துத்தாய் வாசல் தெளித்துக்கொண்டே வந்தவள், கடப்பாரையில் புறங்கை பட்டதும் வாளியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா, பெரிய மச்சான் வந்துருக்காக” என்றாள் நடுங்கிக்கொண்டே. “என் கையத் தொட்டாக. கிறுகிறுன்னு ஏறுதுக்கா.”

“அது மச்சான் இல்ல முத்துத்தாயி. உன் வீட்டுக்காரரு போட்ட ஃபேனு.”

“ஃபேனு அங்கன ஓடுது. கடப்பாரை இங்கன இருக்கு. இதுக்கும் அதுக்கும் என்னக்கா?”

வயர்தான் மண்ணுக்குள் இருந்ததே. செத்தவரின் ஜாக்கிரதை செத்த பிறகும் வேலை செய்தது.

அகாலத்தில் போனவர்கள் தெய்வமாக நிற்பது அந்தப் பக்கத்தில் புதிதல்ல. ஆனால் வந்து நிற்கிற சாமி துடியாக இருக்கிறதா என்று மக்கள் பார்ப்பார்கள். துடியில்லாத சாமிக்கு யார் தேங்காய் உடைப்பது? இந்தச் சாமியைத் தொட்டால் விரல் துடித்தது. அதைவிடத் துடி வேறு என்ன வேண்டும்? இரண்டே வெள்ளிக்கிழமைகளில் கடப்பாரைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, உச்சியில் எலுமிச்சம்பழம் செருகி, வேப்பிலை மாலையும் போட்டுவிட்டார்கள்.

பகலில் தொட்டால் துடிக்கவில்லை. அந்தியில்தான் துடித்தது. இதற்காவது யோசிப்பார்கள் என்று கஸ்தூரி நினைத்தாள். யோசித்தார்கள்.

“அவுக கடை முடிஞ்சு பஸ்ஸு எறங்குற நேரம்ல” என்றாள் முத்துத்தாய். “அப்பத்தான வருவாக.”

அதைக் கேட்டபோது கஸ்தூரிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்துவிட்டு உள்ளே போய் அடுப்பை ஊதினாள். பஸ் ஹாரன் கேட்டால் அவளுக்கும் காது வாசலுக்குத்தான் போனது. அதற்காகக் கடப்பாரையைக் கும்பிட முடியுமா?

சாமி என்று ஆனதும் நடந்த மோசம் வேறு. உயிரோடு இருந்தவரைக்கும் ராஜகுருவாவது செருப்பு போடச் சொன்னார். சாமி முன்னால் யார் செருப்போடு போவார்கள்? தெருமுனையிலேயே கழற்றிவிட்டு வந்தார்கள். கால் கழுவிக்கொண்டு வந்தார்கள். குடம் குடமாக ஊற்றினார்கள். பிறகு ஈரக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். ஒரு மனிதன் கரண்டில் சாவதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் பக்தி சிரத்தையாக வரிசைப்படுத்திச் செய்தார்கள். தினம் ஊற்றிய தண்ணீரில் மண் நனைந்தே கிடந்ததால் வெறும் துடிப்போடு போய்க்கொண்டிருந்தது. மண் காய்ந்த ஒரு நாள் என்ன ஆகும் என்பதைக் கஸ்தூரி கண்ணால் பார்த்திருந்தாள்.

ஆண்டிச்சாமியைத் தனியாகப் பிடித்துக் கேட்டாள். “நீங்களுமா நம்புதீக?”

“எனக்குத் தெரியாமலா மதினி? ஆனா பாருங்க, நான் பாட்டுக்கு ஃபேனை நிறுத்திட்டா சாமி போயிருச்சுன்னு என்னையத்தான் ஏசுவாக. விரல் நுனியாலதான தொடுறாக. யாரும் கட்டியா புடிக்கிறாக?” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். “காத்தும் நல்லா வருதுல்ல.”

ஒரு அந்தியில் முத்துத்தாயோடு வாசலில் இருந்த பிருந்தா உள்ளே ஓடி வந்தாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

“அம்மா, அப்பா என் கையில கிச்சுக்கிச்சு மூட்டுறாகம்மா. நாளைக்கு ரெண்டு கையும் குடுக்கப் போறேன்.”

கஸ்தூரி அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மஞ்சள் ஒட்டியிருந்தது. அன்றிரவு அவள் பிள்ளையை வாசலில் படுக்க விடவில்லை. கதவைச் சாத்திப் புழுக்கத்தில் வைத்து விசிறிக்கொண்டிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை பந்தல்குடியிலிருந்து குருவம்மாள் வந்தாள். ராஜகுருவின் உடன்பிறந்த அக்கா. நேற்றுவரை அவரை “ஏலே குரு” என்று அதட்டியவள், இப்போது “ஐயா” என்றாள். அவள் மகனுக்குப் பெண் அமையவில்லை. ஈரச்சேலையோடு ஐயாவைக் கட்டிப்பிடித்து உத்தரவு கேட்கப் போவதாகச் சொன்னாள். கூடவே பிருந்தாவையும் குளிப்பாட்டிப் பிடிக்கவைக்க வேண்டுமாம்.

“பெத்த பிள்ள தொட்டாத்தான் வாய் தெறந்து சொல்லுவாக” என்றாள்.

கஸ்தூரி காலையிலிருந்து சொல்லிப் பார்த்தாள். பெரிய மதினி, அது கரண்டு. பெரிய மதினி, அந்தக் கடப்பாரைதான் அவுகளக் கொன்னுச்சு. குருவம்மாள் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள். “ஏத்தா, என் தம்பி நெஞ்சு வலியில செத்தான்னு நீங்கதான சொன்னீக? இப்ப எதுக்கு மாத்திப் பேசுற?”

அந்திக்கு வாசல் நிறைய ஆள். பஸ் வந்து போனது. ஆண்டிச்சாமி வீட்டு ஃபேன் சுற்றியது. ஒரு கிழவர் விரலால் தொட்டுப் பார்த்து, “வந்துட்டாரு” என்று அறிவித்தார். குருவம்மாள் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, சேலை சொட்டச் சொட்ட ஒரு கையால் பிருந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடப்பாரையை நோக்கி நடந்தாள். பிள்ளை தயங்கவில்லை. அப்பாவிடம் அல்லவா போகிறாள்.

கஸ்தூரி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஆண்டிச்சாமி வீட்டுக்குள் போனாள். சுவிட்சை அணைத்தாள். அணைத்தால் திரும்பப் போட ஆளுண்டு. ஆகவே ப்ளக்கையே பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

குருவம்மாள் அதற்குள் கடப்பாரையைக் கட்டிப்பிடித்திருந்தாள். கண்ணை மூடி நின்றாள். கண்ணைத் திறந்தாள். இன்னொரு தடவை இறுக்கிப் பிடித்தாள்.

“ஒண்ணும் காங்கலையே” என்றாள்.

“எல்லாரும் தொட்டுப் பாருங்க” என்றாள் கஸ்தூரி. “இப்ப நல்லாத் தொடலாம்.”

தொட்டார்கள். இரும்பு இரும்பாக இருந்தது.

“ஃபேனும் நின்னுபோச்சே” என்றாள் முத்துத்தாய், மெதுவாக.

கூட்டம் யோசித்தது. இத்தனை தலைகளில் ஒன்றாவது கணக்கைச் சரியாகப் போடும் என்று கஸ்தூரி காத்திருந்தாள். குருவம்மாள்தான் முதலில் போட்டாள்.

“அவனுக்குப் புழுக்கம் ஆகாதுல்ல. சின்னப் பிள்ளையில இருந்தே அப்படித்தான். காத்து நின்னதும் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான். ஏலே ஆண்டி, ஃபேனைப் போடு.”

நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின.

கஸ்தூரி கையிலிருந்த ப்ளக்கை விடாமல் குனிந்தாள். ஃபேனிலிருந்து மண்ணுக்குள் இறங்கிய மற்ற வயரைப் பிடித்து இழுத்தாள். ஈர மண் பிளந்துகொண்டு வயர் வெளியே வந்தது. கிழங்கு பறிப்பதுபோல வாசலின் குறுக்கே இழுத்துக்கொண்டே போனாள். நின்றவர்கள் கால்களைத் தூக்கி விலகினார்கள். ஒரு பக்கம் ஃபேனுக்குப் போனது; மறு பக்கம் கடைசியில் மஞ்சளும் குங்குமமும் அப்பிய முடிச்சில் போய் நின்றது. முடிச்சை எல்லோரும் பார்த்தார்கள். முத்துத்தாய் தன் புருஷனைப் பார்த்தாள்.

“அவுக நெஞ்சு வலியில சாகல” என்றாள் கஸ்தூரி. “ஈரத்தோட இதைப் புடிச்சுத்தான் செத்தாக. அடுத்து நீங்க எல்லாரும் வரிசையில நிக்கீக.”

“மதினி, மெல்லப் பேசுங்க” என்றான் ஆண்டிச்சாமி. “கரண்டு ஆபீஸுக்குப் போச்சுன்னா ரெண்டு வீடும் இருட்டாயிரும்.”

“ஆகட்டும். இருட்டுல உக்காந்து யாரும் சாகல.”

அவள் எலுமிச்சம்பழத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். மாலையைக் கழற்றினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கடப்பாரையைப் பிடித்து அசைத்தாள். வெகுநேரம் போராட வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தாள். அத்தனை பேர் ஊற்றிய தண்ணீரில் மண் குழைந்து கிடந்தது. நாலு ஆட்டில் கையோடு வந்துவிட்டது. கூட்டத்தில் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிருந்தா மட்டும் ஓவென்று அழுதாள். கஸ்தூரி கடப்பாரையை ஒரு கையிலும் பிள்ளையை ஒரு கையிலும் இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

பேச்சு பரவி, கரண்டு ஆபீஸிலிருந்து வந்து இரண்டு வீட்டு லைனையும் வெட்டினார்கள். திரும்பக் கிடைக்க மழைக்காலம் ஆகிவிட்டது. ஆண்டிச்சாமி அந்தக் குழியில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசினான். கஸ்தூரி தடுக்கவில்லை, கல்லில் கட்டக் கரண்டு இல்லை. ஆனால் கல் துடிக்கவில்லை. இரண்டு வெள்ளிக்கிழமை வந்து தொட்டுப் பார்த்துவிட்டு ஜனம் வேறு சாமி தேடிப் போனது. முத்துத்தாய் அதில் விறகைச் சாய்த்துக் காயப்போட்டாள்.

ஊர் கஸ்தூரிக்கு ஒரு பெயர் வைத்தது. புருஷனைப் பிடுங்கிப் போட்டவள். கடையை அவள் எடுத்து நடத்தியபோது அருப்புக்கோட்டை பஸ்ஸில்கூட அந்தப் பெயர் அவளுக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருக்கும். எர்த்து போட்டுக் கொடுத்த காளிராஜுக்கு எந்தப் பெயரும் இல்லை. அவன் இன்னும் இரண்டு ஊர்களில் பூமாதேவியிடம் நியூட்டல் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

சில வருஷம் கழித்து, மகன் கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கக் குருவம்மாள் வந்தாள். பிருந்தா உயரமாக வளர்ந்து, வெறுங்காலோடு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். குருவம்மாள் உட்கார்ந்து, மோர் குடித்து, ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, கடைசியில் கேட்டாள்.

“ஏன் கஸ்தூரி, உன்னைய இப்படி ஒரு பேரு சொல்லிக் கூப்பிடுறாகளே. உனக்கு வருத்தமா இல்லையாத்தா?”

“கூப்பிடட்டும் மதினி” என்றாள் கஸ்தூரி. “கூப்பிட உசுரோட இருக்கீகள்ல.”

குருவம்மாள் மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்தாள்.